கூலியும் காணிக்கையும்

"தொழில் வேறு, பக்தி வேறு, சாமி" என்று நம் கத்தோலிக்க முதலாளிகள் சிலர் சொல்லக் கேட்கிறோம். அவ்வாறாயின், பீடத்தில் வைக்கும் அப்பமும் இரசமும் யாருடைய கைகளின் வேலை?

நம் புதுக்கோட்டை மாவட்டத்துக் கல் குவாரிகளையே எடுத்துக்கொள்வோம். கொத்தடிமை முறையை 1976ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. ஆயினும் முன்பணத்துக்குக் கட்டுண்டு கல்லுடைத்த குடும்பங்கள் அதன் பின்னரும் இங்கே இருந்தன. 1990களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கம் நடந்த நாள்களில், மாவட்ட நிர்வாகம் குவாரிகள் பலவற்றை ஒப்பந்தக்காரரிடம் விடாமல், கல்லுடைத்த பெண்களின் குழுக்களுக்கே குத்தகைக்குக் கொடுத்தது. கணக்கு நோட்டு அவர்கள் கைக்கு வந்தது. எண்ணும் எழுத்தும் கற்றவளை லோடு கணக்கில் ஏமாற்றுவது எளிதன்று. அரசு அதிகாரிகளுக்குத் தோன்றிய இந்த நீதி, ஞாயிறு தவறாமல் நற்செய்தி கேட்கும் நமக்கு உறைக்க வேண்டாமா?

விசுவாசத்தையும் அன்றாட வாழ்வையும் பிரித்து வைப்பதை நம் காலத்தின் கடுந்தவறுகளுள் ஒன்றாக 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் எண்ணியது. 1981இல் உழைப்பைப் பற்றிச் சுற்றுமடல் வரைந்த திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், ஒரு பொருளாதார அமைப்பின் நீதியை அளக்க நியாயமான கூலியையே அளவுகோலாக வைத்தார். கோயிலுக்குக் கொடுத்த கொடிமரத்தை அவர் கணக்கில் சேர்க்கவில்லை!

ஆவூர்த் தேருக்கு லாரியில் இலவசமாக ஆள் ஏற்றிச் செல்வது நல்லதே. ஆனால் "திருவிழா முடியட்டும்" என்று வாரக் கூலியைத் தள்ளிப்போடுகிறவர், யாக்கோபு திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரத்தை ஒருமுறை வாசிக்கட்டும். பிடித்து வைத்த கூலியே அங்கே கூக்குரலிடுகிறது.

மே முதல் நாள், தொழிலாளரான புனித சூசையப்பர் திருநாள். 1955இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் ஏற்படுத்தியது. அன்று வண்டிகளை மந்திரிக்கச் சாவியோடு வருகிறீர்கள். கூலிப் பதிவேட்டையும் எடுத்து வாருங்கள்.