கூச்சப்பட்டு மறைக்காதீர்கள்!

எனக்கு வயது 46. மாதவிலக்குக்கு நடுவிலும், தாம்பத்திய உறவுக்குப் பின்பும் ரத்தம் பட்டது. "தீட்டு நிக்கிற வயசுல அப்படித்தான் இருக்கும், வெந்தயமும் கருப்பட்டியும் சாப்பிடு" என்றார் மதினி. வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, ஆறு மாதத்தை ஓட்டி விட்டேன்.

கடைசியில் போய்க் காட்டியபோது, டாக்டரம்மா 'கால்போஸ்கோப்பி - அவசரம்' என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். புற்றுநோய்தான் என்று முடிவுகட்டி அழுதேன். "சீட்டு எழுதினாலே புற்றுநோய்னு அர்த்தம் இல்லம்மா. என்னன்னு பார்க்கத்தான் அனுப்புறேன்" என்றார்.

தூத்துக்குடிக்குப் போனேன். கால் மணி நேர வேலைதான். வினிகரில் உள்ள அமிலத்தைக் கர்ப்பப்பை வாயில் தடவி, பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்த்தார்கள். வெள்ளையாகத் தெரிந்த இடத்தில் துளி சதை எடுத்தார்கள். சுருக்கென்றது, அவ்வளவுதான். முடிவு இன்னும் வரவில்லை. சோதனைக்குப் போனதற்காக வருந்தவில்லை. வீணாக்கிய ஆறு மாதத்துக்காகத்தான் வருந்துகிறேன்.

திண்டுக்கல் மாவட்டத்தில் 2000 முதல் 2003 வரை, 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு இதே அமிலத்தைத் தடவிப் பார்த்து, மாறுதல் இருந்தவர்களுக்குச் சிகிச்சையும் தந்தார்கள். அந்தக் கிராமங்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் மரணம் 35 சதவிகிதம் குறைந்ததாக 2007-ல் ஆய்வு முடிவு வெளியானது. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இந்த முதல் சோதனை, 30 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களுக்கு இலவசம்.

சகோதரிகளே, வீட்டில் யாருக்குத் தலைவலி என்றாலும் ஓடுகிற நாம், நமக்காக ஒரு நாள் ஒதுக்கக் கூடாதா?

- ஒரு வாசகி, உடன்குடி.