கண்ணுக்குள் ஓடும் ரத்தத்தை அளக்கும் எம்ஆர்ஐ: உங்க தாத்தா பாட்டிக்கு அது இப்போ தேவையா?

வீட்டில் மூத்தோர் இருந்தால் 'ஏஎம்டி' என்ற பெயர் உங்கள் காதில் விழுந்திருக்கலாம். முதுமையில் வரும் மாக்குலா சிதைவைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

விழித்திரையின் நடுவில் இருக்கும் சின்னப் பகுதி மாக்குலா. படிக்க, முகங்களை அடையாளம் காண, கைத்தொலைபேசி பார்க்க, எல்லாவற்றுக்கும் அதுதான் வேணும். அது சிதைந்தால் ஓரப்பார்வை இருக்கும். ஆனால் நேராகப் பார்ப்பது மங்கிவிடும்.

சிங்கப்பூர் ஆய்வாளர்கள் பங்கேற்று 2014இல் வெளியான ஆய்வு ஒன்று, உலகில் இந்தப் பாதிப்பு உள்ளோர் 2020இல் 196 மில்லியனாகவும் 2040இல் 288 மில்லியனாகவும் இருப்பர் என்று மதிப்பிட்டது.

பாதிப்பை இன்னும் சீக்கிரமாகக் கண்டுபிடிக்க முடியுமா? சில ஆய்வாளர்கள் அதற்குக் கண்ணின் ரத்த ஓட்டத்தை எம்ஆர்ஐ கருவியால் அளந்து பார்க்கிறார்கள்.

ரத்த ஓட்டத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

விழித்திரைக்குப் பின்னால் 'கோராய்டு' என்ற அடுக்கு இருக்கிறது. அது முழுக்க ரத்த நாளங்கள். கண்ணுக்கு வரும் ரத்தத்தில் பெரும்பகுதி அங்கேதான் போகிறது.

மாக்குலாவின் நடுமையத்தில் விழித்திரைக்கென்று சொந்த ரத்த நாளங்களே கிடையாது. பிராணவாயுவுக்கும் சத்துக்கும் அந்த இடம் கோராய்டையே நம்பியிருக்கிறது. அங்கே ஓட்டம் குறைந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி அதனால்தான் முக்கியம்.

இப்போ இருக்கும் சோதனைகள் போதாதா?

கண் மருத்துவர்கள் ஓசிடி என்ற ஒளிப்படச் சோதனையை அதிகம் பயன்படுத்துகிறார்கள். விழித்திரையின் அடுக்குகளை அது மிக நுணுக்கமாகக் காட்டும். அதன் இன்னொரு வகை ரத்த நாளங்களின் வடிவத்தையும் காட்டும். ஆனால் எவ்வளவு ரத்தம் ஓடுகிறது என்ற கணக்கை அது நேரடியாகத் தராது. கண்புரை முற்றியிருந்தால் ஒளி உள்ளே போவதும் சிரமம்.

எம்ஆர்ஐக்கு ஒளி தேவையில்லை. அதனால் கண்புரை அதற்குத் தடையில்லை.

எம்ஆர்ஐ எப்படி அளக்கிறது?

எம்ஆர்டி நிலையம் ஒன்றில் ஏறும் பயணிகள் கையில் சிவப்பு நாடா கட்டுகிறீர்கள். அடுத்த நிலையத்தில் நாடாவோடு இறங்குவோரை எண்ணினால், அங்கிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்று தெரிந்துவிடும். இதுவும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான்.

கண்ணுக்குப் போகும் ரத்தத்தில் உள்ள நீரைக் கருவி காந்தமுறையில் 'அடையாளமிடும்'. அடையாளத்தோடு ஒரு படம், அடையாளம் இல்லாமல் ஒரு படம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து ரத்த ஓட்டத்தைக் கணக்கிடுவார்கள். சாய ஊசி வேண்டாம், எக்ஸ்ரே கதிர்வீச்சும் இல்லை.

குறைந்த ரத்த ஓட்டம்தான் காரணமா?

இங்கேதான் கவனம் தேவை. ஏஎம்டி உள்ளவர்களின் கோராய்டில் ஓட்டம் குறைவாக இருப்பதை 1998லேயே லேசர் கருவி மூலம் அமெரிக்க ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். ஆனால் ஓட்டம் குறைந்ததால் செல்கள் அழிந்தனவா, செல்கள் அழிந்ததால் அங்கே ரத்தத்தின் தேவை குறைந்ததா? ஒருமுறை அளந்து இதைச் சொல்ல முடியாது. அதே ஆட்களைப் பல வருஷம் தொடர்ந்து அளக்க வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நோய் இல்லாதவர்களுக்கும் வயது கூடக்கூட கோராய்டின் ரத்த ஓட்டம் குறைகிறது என்று 2014இல் வெளியான ஓர் எம்ஆர்ஐ ஆய்வு காட்டியது. எது நோய், எது வெறும் வயது என்று பிரிப்பது அவ்வளவு சுலபமில்லை.

அப்போ உடனே எம்ஆர்ஐ எடுக்கலாமா?

வேண்டாம். இது இன்னும் ஆய்வுக் கருவிதான். வழக்கமான ஏஎம்டி பரிசோதனை இல்லை. கோராய்டின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் கால்பங்கு அளவுதான். அவ்வளவு மெல்லிய அடுக்கைத் தனியாகப் படம்பிடிக்க எம்ஆர்ஐ திணறும். நடுவில் கண் அசைந்தாலோ சிமிட்டினாலோ படம் கலங்கிவிடும்.

பிறகு எதற்கு இந்த முயற்சி? அமெரிக்காவில் 2023இல் அங்கீகாரம் பெற்ற இரு மருந்துகள், உலர்வகை ஏஎம்டியின் முற்றிய நிலையில் சிதைவு பரவுவதை மெதுவாக்குகின்றன. போன பார்வையைத் திரும்பத் தருவதில்லை. செல்கள் அழிவதற்கு முன்பே எச்சரிக்கும் ஓர் அளவீடு கிடைத்தால், புதிய சிகிச்சைகளைச் சீக்கிரமே சோதித்துப் பார்க்கலாம். அதற்குத்தான்.

அதுவரை "கண்ணுக்கு ரத்த ஓட்டத்தைக் கூட்டும்" என்று விற்கப்படும் மாத்திரைகளை நம்பி உங்க பாட்டியின் பணத்தைச் செலவழிக்காதீர்கள். ரத்த ஓட்டம் கூடினால் ஏஎம்டி குறையும் என்பதே இன்னும் நிரூபிக்கப்படவில்லை.

இன்றே செய்யக்கூடியவை

• ஒரு கண்ணை மூடி, மற்றக் கண்ணால் சன்னல் கம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு கண்ணை மாற்றச் சொல்லுங்கள். இரு கண்ணும் திறந்திருந்தால் நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும்.

• நேர்க்கோடு வளைந்து தெரிந்தாலோ நடுவில் கறை மாதிரி இருந்தாலோ தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ஈரவகை ஏஎம்டிக்குக் கண்ணில் போடும் ஊசி மருந்து உண்டு. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது.

• அவர் புகைபிடிப்பவரா? நிறுத்த உதவுங்கள். ஏஎம்டி அபாயத்தைக் கூட்டும் பழக்கங்களில் அது முக்கியமானது.

கண்ணில் வித்தியாசம் தெரிந்தாலும் "வயசானா அப்படித்தான்" என்று மூத்தோர் பலர் சொல்லாமலே இருந்துவிடுவார்கள். நீங்களே கேளுங்கள்.