தலையணையில் ரோஜா

நம் பெண்மணிகளின் பூவேலை மீது எனக்கு ஒரு வழக்கு உண்டு. தலையணை உறை என்றால் ஒரு ரோஜாக் கொத்து. அதன் கீழே 'குட் நைட்'. மேஜை விரிப்பு என்றால் புகைபோக்கி வைத்த ஓட்டு வீடு, வாசலில் தொப்பி போட்ட துரைசானி. எந்த ஊர்த் துரைசானி என்று கேட்பாரில்லை. வெள்ளைக்காரன் 1947-ல் கப்பலேறிவிட்டான்; அவன் வீட்டுப் புகைபோக்கி நம் மேஜைமேல் இன்னும் புகைகிறது. இப்போது படம் கைப்பேசியில் வருகிறதாம். ரோஜா மட்டும் மாறவில்லை.

இத்தனைக்கும் அதே கைதான் விடியற்காலையில் அரிசி மாவைக் கிள்ளி, ஒரு புள்ளி பிசகாமல் சிக்குக் கோலம் போடுகிறது. அந்தக் கணக்கின் அருமையை உணர்ந்து, தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் சகாக்களும் 1974-ல் கோலத்துக்கு ஓர் இலக்கணமே வகுத்து வெளியிட்டார்கள். கணித வித்துவான்கள் கண்டது நம் ஊசியின் கண்ணில் படவில்லை.

"கோலமும் தைக்கிறார்களே, முந்தானையில் பார்க்கவில்லையா?" என்பீர்கள். பார்த்தேன். கார்பன் காகிதம் வைத்து நகலெடுத்த கோலம். ஏன் வளைகிறோம் என்று தெரியாமலே வளைகிறது கோடு. தார்வார்ப் பக்கத்துக் கன்னடப் பெண்களைப் பாருங்கள். கசூதி என்ற அவர்கள் வேலையில் நகலுக்கு இடமில்லை. துணியின் இழையை எண்ணித்தான் ஊசி இறங்கும். போகும்போது ஓட்டுத் தையல்; திரும்பும்போது விட்ட இடைவெளியை நிரப்பிக்கொண்டு வரும். முன்புறமும் பின்புறமும் ஒன்றே போலிருக்கும். அவர்கள் தைப்பது கோபுரம், தேர், துளசி மாடம்.

நாமும் இழையெண்ணிப் புள்ளி வைக்கலாமே! புள்ளிக்கு முடிச்சுத் தையல், கோட்டுக்குக் காம்புத் தையல். அப்போது ஒரு வேடிக்கை நடக்கும். மாவுக் கோலத்தில் கோட்டைக் கோடு கடக்கும் இடத்தில் மேல் எது, கீழ் எது என்ற கேள்வியே கிடையாது. நூலில் உண்டு. ஒரு சந்திப்பில் மேலே போன கோடு, அடுத்ததில் துணிக்கு அடியில் நுழைந்து அப்புறம் வெளிவர வேண்டும். இப்படியே மேலும் கீழுமாகப் போனால், பிரம்ம முடியே ஆனாலும், புறப்பட்ட இடம் சேரும்வரை கணக்குத் தப்பாது. போட்டுப் பார்த்தால்தான் நம்புவீர்கள். காவித் துணியும் வெள்ளை நூலும் போதும். பதினாறு வர்ணம் வேண்டாம்.

அவசரமும் இருக்கிறது. அடுக்குமாடி வீட்டில் வாசல் என்பது இரண்டு முழம். அங்கே ஸ்டிக்கர் கோலம் ஒட்டியாகிவிட்டது. அந்த வீட்டில் வளரும் பெண்ணுக்கு நேர்ப்புள்ளி எது, இடுக்குப்புள்ளி எது என்று யார் சொல்லிக் கொடுப்பது? பாட்டியின் நோட்டுப் புத்தகத்தில் படம் இருக்கும். விரலில் இருந்தது போய்விடும். வாசலை இழந்தவர்களுக்கு மிஞ்சியிருப்பது மடியில் கிடக்கும் துணிதான்.

"கோலத்தின்மேல் தலை வைப்பதா?" என்று பாட்டிமார் சண்டைக்கு வரலாம். வாசல் கோலத்தைப் பால்காரரும் தபால்காரரும் மிதித்துத்தான் போகிறார்கள். மிச்சத்தை எறும்பு தின்கிறது. யாருக்கும் பாவம் வந்ததாகத் தெரியவில்லை. கண்ணன் பாதத்தை மட்டும் தலையணையில் தைக்க வேண்டாம். அதில் நானும் பாட்டிமார் கட்சி.