பங்குக் குருவின் முத்திரை



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியான மறுநாள் மாலை. செபமாலை முடிந்து, ஆலயக் கதவைச் சாத்தும் வேளையில் ஒரு தாய் மகனுடன் வந்து நின்றார்.

"சாமி, காலேஜுல சேர்க்க உங்க லெட்டர் வேணும். பையன் பாட்டுக் குழுவுல இருக்கான், மறைக்கல்விக்கு உதவி செய்யுறான்னு எழுதிக் குடுங்க."

"எந்தப் பூசையில் பாடினான், அம்மா?"

தாய் பேசவில்லை. மகன் தலைகுனிந்தான். இரண்டு ஆண்டுகளாக அவனுக்கு ஞாயிறும் டியூஷன்தான். "படிப்பத் தவிர வேற எதுவும் வேணாம்னு நான்தான் சாமி தடுத்து வச்சிருந்தேன். இப்ப அதையும் கேக்குறாங்களே!" என்று கண்கலங்கினார்.

எனக்குக் கோபம் வரவில்லை. நம் கத்தோலிக்கக் கல்லூரிகளில் இடங்களோ சில, கேட்பவரோ பலர். திருமுழுக்குச் சான்றும் பங்குக் குருவின் கடிதமும் அங்கே கேட்கப்படுகின்றன. மதிப்பெண் ஒன்றையே நம்பி வளர்த்த தாய் திகைப்பது இயல்பே.

பாடத்திற்குப் புறம்பான தகுதிகளையும் கல்லூரிகள் நோக்குவது இன்று பரவி வருகிறது. நம் மாநிலப் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்குத் தனி இடங்கள் உண்டு. சென்னை ஐ.ஐ.டி. 2024-25ஆம் கல்வியாண்டு முதல் ஒவ்வோர் இளநிலைப் படிப்பிலும் விளையாட்டுத் திறனுக்கென இரண்டு கூடுதல் இடங்களை ஒதுக்கியது; அவற்றுள் ஒன்று பெண்களுக்கு. அடுத்த ஆண்டு நுண்கலைத் திறனுக்கும் அவ்வாறே வழி திறந்தது. ஆனால் ஒன்றைக் கருதுங்கள்: அங்கும் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வில் தகுதி பெற்றே ஆக வேண்டும். கலையும் விளையாட்டும் படிப்புக்குத் துணையேயன்றி மாற்று அல்ல.

நல்ல நோக்கமும் கெட்டுப்போகக் கூடும். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் யூத மாணவர் தொகை பெருகியபோது, அதனைக் குறைக்க விரும்பியோர் 1926இல் தேர்வு மதிப்பெண்ணோடு 'குணநலனை'யும் அளவுகோலாக்கினர். நற்குணம் என்னும் அழகிய சொல், ஓர் இனத்தாரைத் தடுக்கும் வேலியாயிற்று. 2019இல் அதே நாட்டில் வேறொரு வழக்கு வெடித்தது. செல்வந்தப் பெற்றோர் சிலர், குறிப்பிட்ட விளையாட்டையே அறியாத தம் பிள்ளைகளைப் பல்கலைக்கழகங்களில் வீரராகக் காட்டிச் சேர்க்கப் பயிற்சியாளர்களுக்குக் கையூட்டு அளித்தனர். போலிப் புகைப்படங்களும் தயாராயின. அங்கே பெருந்தொகை கைமாறியது. என்னிடம் கேட்கப்பட்டதோ ஒரு வரிதான். ஆயினும் பொய் பொய்தானே?

"இடம் கெடைக்காமப் போயிட்டா, சாமி?" என்று அந்தத் தாய் கேட்டார். எளிய விடை என்னிடம் இல்லை. அவன் நம் பங்கில் திருமுழுக்குப் பெற்றவன், அடக்கமானவன், உழைத்துப் படிப்பவன் என்ற உண்மையை மட்டும் எழுதி முத்திரையிட்டேன். மனவருத்தத்தோடே சென்றார். அன்றிரவு எனக்கும் உறக்கம் தாமதித்தே வந்தது.

மூன்றாம் நாள் வேறொரு மாணவன் வந்தான். அவன் விண்ணப்பத்தில் 'பிற செயல்பாடுகள்' என்ற இடம் வெறுமையாக இருந்தது. அவனை நான் அறிவேன். விடியுமுன் காந்தி மார்க்கெட் சென்று, தந்தையின் தள்ளுவண்டிக்குக் காய்கறி ஏற்றி அரியமங்கலம் கொண்டு சேர்த்துவிட்டுப் பள்ளிக்குச் செல்பவன். சனி மாலையில் ஆலயம் கூட்டுபவன். "இதையெல்லாம் எழுதலாமா, சாமி?" என்று வியந்தான். முழுப்பக்கம் எழுதினேன். முந்திய கடிதத்தில் நான் பொய் எழுதியிருந்தால், இவனைப் போன்ற ஒருவனின் இடத்தையன்றோ என் முத்திரை பறித்திருக்கும்! எட்டாம் கட்டளை நீதிமன்றத்துக்கு மட்டும் உரியதன்று.

நம் திருச்சி தூய வளனார் கல்லூரியில் பயின்ற அப்துல் கலாம் அவர்கள், விடுதியின் சைவ உணவுக்கூடச் செயலராகவும் இருந்தார். இராமேசுவரத்து இசுலாமிய இளைஞர், சேசு சபையாரின் விடுதியில், சைவ உணவு உண்ணும் தோழர்களுக்குப் பணியாற்றினார். பிறர்பணி கல்லூரி வாயிலைத் திறக்கும் சாவி மட்டுமன்று. உள்ளே சென்றபின் மனிதனை மனிதனாக்கும் பயிற்சியும் அதுவே.

ஆகவே பெற்றோரே, பிள்ளை பத்தாம் வகுப்பை எட்டியதும் பீடப்பணியையும் பந்தையும் பாட்டையும் பறித்துவிடாதீர்கள். வாரத்தில் இரண்டு மணி நேரம் அவற்றுக்கு விடுங்கள். சான்றிதழுக்காக ஐந்தாறு வகுப்புகளில் சேர்த்து அலைக்கழிக்கவும் வேண்டா. அவன் விரும்பும் ஒன்றில் நிலைத்திருக்கட்டும். வீட்டில் நோயுற்ற பாட்டிக்கு மருந்து கொடுப்பதும் உயர்ந்த செயலே எனச் சொல்லி வளருங்கள்.

அந்த முதல் மாணவன் சென்ற ஞாயிறன்று பாடகர் குழுவின் கடைசி வரிசையில் நின்றான். குரல் இன்னும் சேரவில்லை. கடிதம் எதுவும் அவன் கேட்கவில்லை.

இறையாசீர் உங்கள் இல்லங்களில் நிறைக!

உங்கள் பங்குக் குரு