காடு இலவசம், கைடு எதற்கு?

நியூசிலாந்தின் வடக்குத் தீவில் ரொடோருவா என்றொரு ஊர். எந்தத் தெருவில் நின்றாலும் லேசாகக் கந்தக வாடை அடிக்கும், அங்கங்கே மண்ணிலிருந்து ஆவி கிளம்பும். அதன் எல்லையை ஒட்டி ஃபகரேவரேவா காடு (பெயரை ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் பாதி மேடு ஏறிய மாதிரி!). சுமார் 5,600 ஹெக்டேர். அதற்குள் சைக்கிளுக்கென்றே வெட்டிய மண்பாதைகள் 150 கிலோமீட்டருக்கு மேல். 2006-இல் மலை சைக்கிள் உலக சாம்பியன்ஷிப் போட்டியே ரொடோருவாவில்தான் நடந்தது.

விஷயம் என்னவென்றால், இந்தக் காட்டுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. முனைக்கு முனை அறிவிப்புப் பலகை. எந்தப் பாதை எவ்வளவு கஷ்டம் என்று 1 முதல் 6 வரை தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். அப்படியிருந்தும் "கைடுடன் சைக்கிள் டூர்" என்று காசு வாங்கி ஒரு வியாபாரம் நடக்கிறது. "மேப் இருக்கு, போன் இருக்கு, கைடு எதுக்கு? சுத்த வேஸ்ட்" என்பவர்கள் நிறைய.

கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. நிலம் ஒருவருடையது, மரம் இன்னொருவருடையது, பாதைகளில் பெரும்பகுதியை வெட்டிப் பராமரித்தவர்கள் சைக்கிள் கிளப் தொண்டர்கள். டூர்காரர் கொண்டு வருவது சைக்கிள், ஹெல்மெட், ஒரு வேன், ஒரு ஆள். சரக்கு அடுத்தவருடையது, பில் மட்டும் தன்னுடையது!

ஆனால் அந்த ஒரு ஆள் யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இந்தக் காடு என்றதும் எல்லோரும் காட்டும் படம் வானத்தைத் தொடும் ரெட்வுட் மரங்கள். அவை கலிஃபோர்னியா மரங்கள், எந்த வெளிநாட்டு மரம் இங்கே பிழைக்கும் என்று பார்க்க 1901-இல் நட்டவை. அந்தத் தோப்பின் நடைபாதைகளில் சைக்கிள் விடக் கூடாது. சைக்கிள்காரர்கள் ஓட்டுவது பெரும்பாலும் பைன் மரங்களுக்கு நடுவே, அதாவது ஒரு விளைச்சலுக்கு நடுவே. நம்ப முடியாவிட்டால் வைப்பா நுழைவாயிலைப் பாருங்கள், பக்கத்திலேயே மரம் அறுக்கும் ஆலை. முப்பது வருஷம் வளர்ந்ததும் அறுவடை. வெட்டும்போது அந்தப் பக்கத்துப் பாதைகளை மூடிவிடுவார்கள். போன வருஷம் நிழலாக இருந்த இடம் இந்த வருஷம் வெறும் அடிக்கட்டையாக நிற்கலாம். தெரியாதவர் "ஐயோ, காட்டை அழிக்கிறார்களே" என்பார். தெரிந்த கைடு அறுவடை முறையைச் சொல்லிவிட்டு, திறந்திருக்கும் வேறு பாதைக்குத் திருப்புவார். மழை பெய்த மறுநாளே தைரியமாகக் கூட்டிப்போவார். எரிமலை கக்கிய நுரைக்கல் மண், தண்ணீர் தேங்காது.

அந்த எரிமலை இல்லாமல் இந்த ஊரின் கதையே இல்லை. 1886 ஜூன் 10 அன்று தாராவேரா வெடித்தது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். உலகமே தேடிவந்து பார்த்த இளஞ்சிவப்பு, வெள்ளைப் படிக்கட்டுப் பாறைகள் போயின. தெ வைரோவா கிராமம் சாம்பலில் புதைந்தது. அங்கே இருந்த தூஹோரங்கி மாவோரிகளின் பிழைப்பு என்ன தெரியுமா? பயணிகளை அந்தப் பாறைகளுக்குக் கூட்டிப்போவது. சோஃபியா ஹினெராங்கி என்ற பெண் கைடு அந்த ராத்திரியில் தன் வீட்டில் பல பேருக்கு அடைக்கலம் கொடுத்தார், வீடும் தாங்கியது. பிழைத்தவர்களில் பலர் ஃபகரேவரேவாவில் உறவினர்களிடம் குடியேறி, அங்கிருந்த வெந்நீர் ஊற்றுகளைக் காட்டி மறுபடி அதே தொழிலைத் தொடங்கினார்கள். சோஃபியாவும்தான். இப்போதிருக்கும் மரங்களை நடுவதற்கு முன்பே அங்கே கைடுகள் இருந்தார்கள்!

2008-இல் வந்த சட்டத்தின்படி, அரசின் கையிலிருந்த மத்திய வடக்குத் தீவுக் காட்டு நிலங்கள் 2009-இல் மாவோரி குலங்களுக்குத் திரும்பின. ஃபகரேவரேவாவும் அதில் அடக்கம். நிலம் கைக்கு வந்த பிறகும் அவர்கள் வாசலை அடைக்கவில்லை. ஆக, பயணி "இலவசம்" என்று நினைப்பது உண்மையில் ஒருவர் கொடுத்த அனுமதி. எந்தப் பலகையில் அது உறைக்கும்?

"பின்னால் சாய், இரண்டு விரல் பிரேக்கில் வை" என்று மட்டும் சொல்கிறவர் நல்ல கோச்சாக இருக்கலாம், அதை யூடியூபும் சொல்லிக்கொடுக்கும். நாலு மணி நேரம் சுற்றியும் தூஹோரங்கி என்ற பெயரே காதில் விழவில்லை என்றால் அந்த டூருக்குக் கொடுத்த காசு தண்டம்தான். "ஓட்ட வந்தவனுக்கு வரலாற்று வகுப்பா?" என்று கேட்பவர்களுக்கு மேப் போதும், தாராளமாகப் போகட்டும். போகும் வழியில் பாதை பராமரிப்புக்குக் கொஞ்சம் போட்டுவிட்டுப் போனால் சரி. குடும்பத்தோடு முதல் முறை போகிறவர்கள் புக் செய்யும் முன் இரண்டே கேள்வி கேட்கலாம்: கைடு எந்த ஊர்க்காரர்? இந்தக் காசில் பாதைக்கும் நிலத்துக்காரருக்கும் எவ்வளவு போகிறது? சைக்கிளுக்கு எத்தனை கியர் என்பதை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.