மடித்து வைக்கப்படும் படிவங்கள்



கல்வியாண்டு தொடங்கியதும் ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் நம் வீடுகள் பலவற்றில் ஒரே காட்சிதான். சாரணர் இயக்கத்தில் சேர அனுமதி கோரும் படிவத்தை மகன் நீட்டுகிறான். "இதெல்லாம் நமக்கு எதற்கு? டியூஷனுக்குப் போ" என்று தந்தை அதை மடித்து வைக்கிறார். மகளின் படிவமோ புத்தகப் பையை விட்டு வெளியே வருவதே இல்லை.

இம்மறுப்புக்குச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு. ஒன்று மதிப்பெண், மற்றொன்று மார்க்கம். இரண்டுமே நில்லாதவை.

மதிப்பெண்ணை முதலில் பார்ப்போம். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் நாளை சென்று சேரப்போவது சிப்காட் தொழிற்கூடங்களுக்கோ, அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டிய பொம்மசந்திராவுக்கோதான். அங்கே தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது, இந்தி பேசுவோர் ஒரே இயந்திர வரிசையில் நிற்கின்றனர். ஒருவரின் கவனக்குறைவு அடுத்தவரின் விரலைப் பறித்துவிடும். சொல்வதைக் கேட்டு நடக்கவும், தேவையானபோது பொறுப்பேற்று வழிநடத்தவும் எந்த டியூஷன் கற்றுத் தருகிறது? ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட சாரணர் அணியில் பதின்மூன்று வயதுச் சிறுவன் அணித்தலைவனாகிறான், கூடாரம் அமைக்கிறான், பத்துப் பேருக்குச் சமைக்கிறான், தவறினால் திருத்திக்கொள்கிறான். வேலைவாய்ப்பே அளவுகோல் என்போரும் ஒன்றை அறியட்டும்: இரயில்வே துறையில் சாரணர்களுக்கெனத் தனி ஒதுக்கீடு உண்டு.

இனி மார்க்கம். மூவர் பயணம் புறப்பட்டால் அவர்களில் ஒருவரைத் தலைவராக்கிக் கொள்ளுமாறு பணித்தவர்கள் நபி (ஸல்) அவர்கள். அகழ்ப் போரின்போது தோழர்களோடு சேர்ந்து தாமும் மண் சுமந்தவர்கள் அவர்கள். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதையும் ஈமானின் ஒரு கிளையாகக் கற்பித்தவர்கள் அவர்கள். தலைமை, கூட்டுழைப்பு, பொதுச்சேவை ஆகிய இம்மூன்றையும் பழக்கும் பயிற்சி நமக்கு அந்நியமா?

"இது பிறருடைய இயக்கம்" என்போர் வரலாற்றையும் படிக்கட்டும். சிதறிக் கிடந்த சாரணர் அமைப்புகள் 1950 நவம்பர் 7 அன்று பாரத சாரணர் இயக்கமாக ஒன்றிணைந்தன. அதற்குப் பாடுபட்டவர்களுள் ஒருவர் அன்றைய கல்வி அமைச்சர் மௌலானா அபுல் கலாம் ஆசாத். திருக்குர்ஆனுக்கு விரிவுரை எழுதிய அந்த ஆலிமை விடவா நாம் மார்க்கத்தை அறிந்துவிட்டோம்? உலகிலேயே மிக அதிகமான சாரணர்களைக் கொண்ட நாடும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் இந்தோனேசியாவே.

கூட்டுப் பிரார்த்தனைப் பாடலில் உங்கள் மனம் ஏற்காத சொல் இருப்பின், சாரண ஆசிரியரிடம் கண்ணியமாகப் பேசுங்கள். பெற்றோரின் இசைவின்றிச் சிறாரை மத வழிபாட்டில் ஈடுபடுத்தலாகாது என்கிறது அரசியலமைப்பின் 28(3) ஆவது பிரிவு. உரிமையைக் கேட்டுப் பெறுவது ஒரு வழி. பிள்ளையை வீட்டில் அடைப்பது வழியாகாது. பெண் பிள்ளைகளுக்குச் சாரணியர் படை தனியே உண்டு. அதனை நடத்துபவரும் ஒரு பெண்ணே. எனவே அவர்களைத் தடுக்கவும் நமக்குக் காரணமில்லை.

இது வெறும் பொழுதுபோக்கு என்போர் 2023 ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்கட்டும். ஜூலையில் கிருஷ்ணகிரி பழையபேட்டையிலும் அக்டோபரில் அத்திப்பள்ளியிலும் பட்டாசு விபத்துகள் பல உயிர்களைக் குடித்தன. நெடுஞ்சாலை விபத்துகளோ நமக்கு அன்றாடச் செய்தி. அத்தகைய நேரத்தில் குருதிப் பெருக்கை நிறுத்தவும், இரு கம்புகளும் ஒரு போர்வையும் கொண்டு தூக்குப் படுக்கை அமைக்கவும் நம் மஹல்லா இளைஞர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கைப்பேசியை உயர்த்திப் படமெடுக்க மட்டும் எல்லோருக்கும் தெரியும். ஓர் உயிரைக் காப்பதை மனித குலம் முழுவதையும் காப்பதற்கு ஒப்பாக்குகிறது திருக்குர்ஆன் (5:32). அந்த நன்மையைப் பெற ஆசை மட்டும் போதாது. பழகிய கைகள் வேண்டும்.

ஆகவே பெற்றோர்களே, மடித்து வைத்த அந்தப் படிவத்தை எடுத்துக் கையெழுத்திடுங்கள். ஜமாஅத் பொறுப்பாளர்களே, இதனை ஒரு ஜும்ஆ பயானின் பொருளாக்குங்கள். நம் பிள்ளைகளை ஊருக்குப் பயன்படும் மனிதர்களாக வல்ல அல்லாஹ் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.