பனி கழிந்தபின் மல்லிகைப் பாத்தி



பனி தளரத் தொடங்கும் இந்நாட்களில், நத்தம் வட்டாரத்தில் வீடுதோறும் ஒரே கேள்வியையே நாம் கேட்கிறோம்: "சாமி, மல்லிகைச் செடி கிழடு தட்டிப் போயிற்று, அரும்பே காணோம், பிடுங்கிவிடலாமா?" பிடுங்க வேண்டாம் என்பதே நமது விடை. வேர் நலமாயிருந்தால் ஐந்தாறு ஆண்டுச் செடியும் மீளும். புதிய பதியன் நட்டுப் பூவுக்குக் காத்திருப்பதைவிடப் பழைய செடியைச் சீராக்குவதே ஏழைக்கு இலாபம்.

மேலைநாடுகளில் உறைபனி கிளைகளைக் கருக்கிவிடுகிறது. அங்குள்ள தோட்டக்காரர் வசந்தம் வரும்வரை பொறுத்திருந்து, எது பிழைத்தது என்று பார்த்தே வெட்டுகின்றனர். அந்நூல்களைப் படித்துவிட்டு நாமும் காத்திருப்பது பொருந்தாது. நமது சமவெளியின் மார்கழிப் பனி செடியைக் கொல்வதில்லை. தளிரை அடக்கிப் பூவை நிறுத்துகிறது, அவ்வளவே. மல்லிகையோ புதுத்தளிரில் அரும்புவது. பழங்கம்பை வைத்துக்கொண்டு பூவுக்கு ஏங்குவதில் பயனில்லை. ஆகவே கவாத்து இன்றியமையாதது.

குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரமும், பிச்சிக்கு டிசம்பர் கடைசி வாரமும், முல்லைக்கு ஜனவரி கடைசி வாரமும் உரிய காலம் எனத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. குண்டுமல்லியைத் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் விட்டு வெட்டவேண்டும். பட்டுப்போன கம்புகளையும், ஒன்றன்மேல் ஒன்று பின்னிக் கிடப்பவற்றையும் அடியோடு நீக்கவேண்டும். நாள் தவறியவர்கள் இப்போதேனும் வெட்டலாம். அதற்கேற்பப் பூ பின்தள்ளிப் போகும்.

நாள் தவறுவதற்கு அறியாமை மட்டுமே காரணமன்று. குளிர்காலத்தில் பூ அருகிவிடுவதால் நிலக்கோட்டைச் சந்தையிலும் மதுரையிலும் விலை ஏறிவிடுகிறது. அந்த ஆழாக்குப் பூவை எண்ணிக் கத்தரியை ஒதுக்கி வைப்போர் பலர். கடனுள்ள வீட்டாரை இதற்காகக் கடிந்துரைக்க நமக்கு மனம் வரவில்லை. ஆயினும் அவர்கள் பங்குனி முதல் ஆனி வரையிலான பெரும்பூவை அன்றோ பணயம் வைக்கிறார்கள்! பாதிச் செடிகளை முதலிலும், மீதியைச் சில வாரம் கழித்தும் வெட்டினால் வருவாய் ஒரேயடியாக நின்றுபோகாது. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி நமது திண்டுக்கல் மாவட்டத்திலும் விளைவதே என்பதை இவர்கள் மறத்தலாகாது.

வெட்டியபின் செடிக்கு 10 கிலோ மக்கிய தொழு உரம் இடுக. ஆண்டுக்குத் தழைச்சத்து 60 கிராம், மணிச்சத்தும் சாம்பல்சத்தும் தலா 120 கிராம் வேண்டும். இதில் பாதியை இப்போதும், மறுபாதியை ஜூன், ஜூலையிலும் இடவேண்டும். இவை சத்தின் எடையே அன்றி உர மூட்டையின் எடை அல்ல. இதனைப் பலர் குழப்பிக்கொள்கின்றனர். ஒரு தவணைக்கு யூரியா சுமார் 65 கிராம், சூப்பர் பாஸ்பேட் 375 கிராம், பொட்டாஷ் 100 கிராம் எனக் கணக்கு வரும். தண்டை ஒட்டிப் போடாமல் சற்றுத் தள்ளி வட்டமாக இட்டு, மண்ணைக் கிளறி மூடி, நீர் பாய்ச்சுக.

புதுத்தளிரில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் அது இரும்புச்சத்துக் குறை. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி கரைத்துத் தெளித்தால் பெரும்பாலும் தேறும். வேரைத் தோண்டிப் பார்க்கையில் முடிச்சுகள் தென்பட்டால் அது நூற்புழுவின் வேலை. அச்செடியிலிருந்து பதியன் எடுக்கலாகாது.

மொட்டுப்புழுவைக் குறித்துச் சற்று அழுத்தியே சொல்ல விரும்புகிறோம். அரும்பு ஊதா நிறமாகி உதிர்ந்தால் உடனே கடைக்கு ஓடிக் கடும் நஞ்சு வாங்கி வருகின்றனர். விடியுமுன் அவ்வரும்பை வெறுங்கையால் பறிப்பவர் நம் தாய்மார்கள் அல்லரோ? மாலையில் அதைக் கூந்தலில் சூடுபவர் நம் பெண்மக்கள் அல்லரோ? புழுத்த அரும்பைக் கிள்ளி அழித்து, 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு தெளிப்பதே முதல் வழியாக இருக்கட்டும்.

இன்னொன்று. செடி துளிர்த்து அரும்பும் காலம் பெரும்பாலும் தவக்காலமாக அமையும். அப்போது, நான்காம் ஞாயிறும் பெருவிழா, விழா நாட்களும் தவிர, பீடத்தில் மலர் வைப்பதில்லை. ஆகையால் முதற்பூவை ஆலயத்துக்குக் கொணர்வோர் உயிர்ப்புப் பெருவிழா வரை பொறுத்தருள்க; அதுவரை சந்தைக்கு அனுப்பி, கிடைப்பதில் தொழு உரத்துக்கான கடனை முதலில் தீர்த்துவிடுங்கள்.